கல்லூரி ஆசிரியர்களின் பணி மேம்பாடும் அங்கீகாரமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு, சுயநிதிக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவை நெடுங்காலம் ஒருங்கிணைத்து ஓய்வுபெற்ற பேராசிரியர் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன். கலை, அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 18.7.2018 நாளிட்ட ஒழுங்குமுறையையும், அதன்வழிப் பணி மேம்பாடு (ஊதிய நிலை உயர்வு) குறித்துத் தமிழ்நாடு அரசு 11.1.2021 அன்று வெளியிட்ட அரசாணை எண் 5-ஐயும் அடிப்படையாகக் கொண்டே இப்பதில்கள் அமைந்துள்ளன.

கேள்வி (தருமபுரி, வணிகவியல்): வணக்கம் ஐயா. நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் நிறைவடைய உள்ளன. முனைவர் பட்டம் பெற்றுள்ளேன். இடையில் மகப்பேறு விடுப்பில் இருந்த காலம் என் மதிப்பீட்டைக் குறைக்குமா? அடுத்த நிலைக்கு எவையெல்லாம் தேவை?

பதில்: வணக்கம் அம்மா. உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதிய நிலையான நிலை 10-இலிருந்து 11-க்குச் செல்ல, முனைவர் பட்டம் பெற்றவருக்கு நான்கு ஆண்டுகளும், எம்.ஃபில். மட்டும் உள்ளவருக்கு ஐந்து ஆண்டுகளும், இரண்டும் இல்லாதவருக்கு ஆறு ஆண்டுகளும் பணிக்காலம் வேண்டும். இத்துடன், கற்பித்தல் முறை குறித்த 21 நாள் அறிமுகப் பயிற்சியையும், பாட அறிவைப் புதுப்பிக்கும் ஒரு புத்தொளிப் பயிற்சியையோ அதற்கு இணையான இணையவழிப் பாடச் சான்றிதழையோ நீங்கள் முடித்திருக்க வேண்டும். உங்களுடைய நான்கு ஆண்டுத் தன்மதிப்பீட்டு அறிக்கைகளில் குறைந்தது மூன்று, 'நிறைவு' அல்லது 'நன்று' என்ற தரத்தில் இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடுத்திருந்தால் கற்பித்தலுக்கு 'நன்று' எனவும், 70-க்குக் குறையாமல் 80-க்குள் இருந்தால் 'நிறைவு' எனவும் கணக்கிடுவார்கள்.

மகப்பேறு விடுப்புக்காக நீங்கள் சிறிதும் அஞ்ச வேண்டியதில்லை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், உயர்கல்வி ஆகியவற்றுக்காக எடுத்த விடுப்புக் காலத்தைத் தர மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டு, எஞ்சிய காலத்தின் செயல்பாட்டையே முழுக் காலத்துக்கும் விரித்துக் கணக்கிட வேண்டும் என்று ஒழுங்குமுறையே கூறுகிறது. இந்த விதி தெரியாமல், 'விடுப்பில் இருந்தேன், எனவே அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறேன்' என்று தாமே ஒதுங்கிக்கொண்ட பெண் ஆசிரியர்களைக் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். அப்படி ஒதுங்காதீர்கள். உரிய காலத்தில் விண்ணப்பித்து முதல் மதிப்பீட்டிலேயே தேறினால், தகுதி நிறைவடைந்த நாளிலிருந்தே பதவி உயர்வு செல்லும். முதல் மதிப்பீட்டில் தவறிப் பின்னர் தேறினால், தேறிய நாளிலிருந்துதான் செல்லும். எனவே ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் தன்மதிப்பீட்டு அறிக்கையை எழுதி, முதல்வரின் கையொப்பம் பெற்று, ஒரு படியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு அறிக்கைகளையும் ஒரே வாரத்தில் நினைவிலிருந்து எழுதுபவரிடம் எடுத்த வகுப்புகளின் கணக்கும் இருக்காது, அதற்கான சான்றும் இருக்காது.

கேள்வி (கிருஷ்ணகிரி, இயற்பியல்): பயிற்சிக்காகச் சென்னையிலோ கோவையிலோ மூன்று வாரங்கள் தங்குவது என் குடும்பச் சூழலில் இயலாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முன்பு மனிதவள மேம்பாட்டு மையங்கள் என அழைக்கப்பட்டவை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இப்போது செயல்படுகின்றன. அவற்றின் பயிற்சிகள் பல இணையவழியாகவே நடைபெறுகின்றன. ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலும் ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பாடங்கள் 2018 முதல் உள்ளன. ஆயினும் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வகுப்புகளைக் கவனித்துக்கொண்டே மறுபக்கம் திரையைத் திறந்து வைத்துப் பெறும் சான்றிதழ் கோப்பை நிரப்புமே தவிர, கற்பித்தலை மாற்றாது. முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்து வழியாக அனுமதி கேட்டு, அந்நாட்களைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குங்கள்.

கேள்வி (ஓசூர், சுயநிதிப் பொறியியல் கல்லூரி): எங்கள் நிர்வாகம் பயிற்சிக்கு விடுப்புத் தருவதில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கு, ஐ.ஐ.டி.கள் இணையவழியாக நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் நல்ல வாய்ப்பு. எட்டு வாரப் பாடம் ஒரு வார ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கும், பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றரை வாரப் பயிற்சிக்கும் இணையாகக் கொள்ளப்படுகின்றன. மாலை நேரங்களில் படிக்கலாம். தேர்வை மட்டும் மையத்துக்குச் சென்று எழுத வேண்டும்.

கேள்வி (அரூர், தமிழ்): இணைப் பேராசிரியரான நான் பேராசிரியர் நிலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும் என்கிறார்கள். பணம் செலுத்தினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாகச் சிலர் தொடர்புகொள்கின்றனர். ஏற்கலாமா?

பதில்: ஏற்கவே கூடாது. அந்த வழியில் வாழ்நாள் உழைப்பின் மதிப்பே கெட்டுவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இணைப் பேராசிரியரின் ஊதிய நிலையான 13ஏ-யிலிருந்து பேராசிரியரின் நிலையான 14-க்குச் செல்ல மூன்று ஆண்டுப் பணியும், முனைவர் பட்டமும், தகுதியான ஆய்விதழ்களில் குறைந்தது பத்துக் கட்டுரைகளும், அவற்றுள் மூன்று கட்டுரைகளேனும் மதிப்பீட்டுக் காலத்தில் வெளிவந்தவையாக இருப்பதும், 110 ஆய்வு மதிப்பெண்ணும் தேவை. மொழி, கலைப் பாடங்களில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண், அறிவியலில் 8. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5, மொழிபெயர்த்த நூலுக்கு 8, உங்கள் நெறியாள்கையில் முனைவர் பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் 10. இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு கிடைக்கும். இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30 விழுக்காடுதான். அதாவது, நண்பர்களின் கட்டுரைகளில் மூன்றாம் பெயராக இடம்பெறும் ஒருவருக்குக் கட்டுரைக்கு 3 மதிப்பெண்ணே சேரும்.

தகுதியான ஆய்விதழ்களைக் காட்ட 2019 முதல் இருந்த யு.ஜி.சி.–கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆய்விதழின் தரத்தை அறியும் பொறுப்பு இப்போது ஆசிரியரிடமும் அவருடைய நிறுவனத்திடமுமே உள்ளது. பதிப்பாசிரியர் குழுவில் இருப்போர் உண்மையில் அத்துறையினரா, மதிப்பீட்டாளரின் திருத்தக் குறிப்புகள் எழுத்தில் வருகின்றனவா, பழைய இதழ்கள் முறையாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழில் மதிப்பீடு நடக்க வாய்ப்பே இல்லை.

தருமபுரியில் இருந்துகொண்டு ஆய்வுப் பொருளுக்குத் தவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழகத்தில் நடுகற்கள் செறிந்து கிடைக்கும் பகுதிகளில் நம் இரு மாவட்டங்களும் அடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் சட்டப்பேரவையிலேயே அறிவிக்கப்பட்டது. இன்னும் தொகுக்கப்படாத வட்டார வழக்கும் கதைப்பாடல்களும் மலையூர்களில் வழங்கிவருகின்றன. வேதியியல் ஆசிரியர்களுக்கு நிலத்தடி நீரின் புளோரைடு இருக்கிறது. மாணவர்களை அழைத்துக்கொண்டு களத்துக்குச் சென்று திரட்டிய தரவில் எழுந்த ஒரு கட்டுரை, விலைக்கு வாங்கிய பத்துக் கட்டுரைகளைவிட நேர்காணலில் உங்களுக்குத் துணைநிற்கும். கட்டுரையைப் பற்றி நிபுணர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு, களத்தில் நின்றவரால்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி (காரிமங்கலம், கணிதம்): நல்லாசிரியர் விருது பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும்தானா?

பதில்: மாநில அரசின் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது பள்ளி ஆசிரியர்களுக்கானது. ஆனால் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய ஆசிரியர் விருது 2023 முதல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் வழங்கப்படுகிறது. அதற்குத் தம் பெயரைத் தாமே முன்மொழியலாம். இதில் கூச்சப்பட ஏதுமில்லை. அறிவியல் ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் தமிழ்நாடு விஞ்ஞானி விருதும் உண்டு. இருப்பினும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கணிதத்தின் மேலுள்ள அச்சத்தை நீக்கும் ஆசிரியரைக் கல்லூரி ஆண்டுவிழா மேடையில் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் அங்கீகாரமே. அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. முதல்வர்கள் இதை வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கிருஷ்ணகிரி, வரலாறு): பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய வரைவு ஒழுங்குமுறையைக் கருதி, விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அரசிதழில் வெளிவரும் வரை வரைவு விதியாகாது. அந்த வரைவை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டப்பேரவை அதே மாதம் தீர்மானமும் நிறைவேற்றியது. தகுதி நிறைவடைந்திருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி (பென்னாகரம், கௌரவ விரிவுரையாளர்): ஐயா, பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக உள்ளேன். நாளை நிரந்தரப் பணி கிடைத்தால் இந்த ஆண்டுகள் பணி மேம்பாட்டுக்குச் சேருமா?

பதில்: நம்பிக்கையூட்டும் பதிலைத் தர இயலாமைக்கு வருந்துகிறேன். தற்காலிகப் பணிக்காலம் கணக்கில் சேர வேண்டுமானால், உரிய கல்வித்தகுதியும் முறையான தேர்வுக் குழு வழி நியமனமும் இருப்பதோடு, நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாத ஊதியமும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. நிலை 10-இன் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர் எவரும் இந்த நிபந்தனையை நிறைவுசெய்ய முடியாது. அதே பாடத்தை, அதே வகுப்பறையில், அதே தகுதியுடன் நடத்துபவரின் ஆண்டுகளை ஊதியக் குறைவைக் காட்டிக் கழிப்பது நியாயமல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஆசிரியர் சங்கங்கள் இதைத் தனிக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் முதல்வரிடமிருந்து அனுபவச் சான்றிதழைப் பெற்று, மண்டல இணை இயக்குநரின் மேலொப்பத்துக்கு அனுப்புங்கள். நியமன ஆணை, பாட ஒதுக்கீடு, ஊதியப் பட்டியல் ஆகியவற்றின் படிகளையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். முதல்வர் மாறிய பின்னர் பழைய ஆண்டுகளுக்குச் சான்று கேட்டு அலைவது கடினம் என்பதால், இந்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைத் தேர்வுகள் முடிவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.