காமாக் கதிர் வெடிப்பும் அதன் பின்னொளியும்: கேள்வி பதில்

தொலைதூர விண்ணில் இருந்து சிறிது நேரமே வந்து மறையும் காமாக் கதிர்ப் பாய்ச்சல்களான காமாக் கதிர் வெடிப்புகளை விண்வெளித் தொலைகாட்டிகள் கண்டுபிடிக்கும் விதம் பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி (உயர்தர மாணவி, வெள்ளவத்தை): சேர், காமாக் கதிரை வில்லையாலோ ஆடியாலோ எளிதில் குவிக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் அது வந்த திசையைச் செய்மதி எப்படி அறிகிறது?

பதில்: நிழலைக் கொண்டு அறிகிறது, மகள். காலையில் உங்கள் வீட்டு யன்னல் கம்பிகளின் நிழல் தரையில் எவ்வளவு விலகி விழுகிறது என்று பார்த்தால், வெளியே எட்டிப் பார்க்காமலேயே சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட சுவிஃப்ட் செய்மதி இந்த வழியில்தான் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 52,000 சிறிய ஈயத் துண்டுகளைப் பதித்த தட்டு ஒன்று மேலேயும், அதற்கு ஒரு மீற்றர் கீழே 32,768 உணரிகளும் இருக்கின்றன. யன்னல் கம்பிகள் ஒரே இடைவெளியில் நிற்பதால் ஒரு கம்பியின் நிழலை அடுத்ததன் நிழலாக எண்ணிவிட இடமுண்டு. ஈயத் துண்டுகளோ ஒழுங்கற்ற கோலத்தில் பதிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு திசைக்கும் தனக்கே உரிய நிழல் கிடைக்கிறது. விழுந்த நிழல் எந்தத் திசைக்கு உரியது என்பதைச் செய்மதியில் உள்ள கணினியே சில செக்கன்களில் கண்டுபிடித்து, பாகையின் பதினைந்தில் ஒரு பங்குக்குள் இடத்தைக் குறித்துவிடுகிறது. இந்தச் செய்மதியில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி இதுதான்.

கேள்வி (ஆசிரியர், கொட்டாஞ்சேனை): வெடிப்பு சில செக்கன்களில் அணைந்துவிடுமே. அதன் பிறகு தொலைகாட்டியைத் திருப்பி என்ன பயன்?

பதில்: தூரம் தெரிவது அதன் பிறகுதான். வெடிப்பில் கிளம்பும் தாரை, அதாவது ஒடுங்கிய கற்றையாக மிக வேகமாகப் பாயும் பொருள், சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது, அங்குள்ள இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிர்கின்றன. பின்னொளி எனப்படும் இது எக்ஸ் கதிரிலும் கண்ணுறு ஒளியிலும் வானொலி அலையிலும் தெரிந்து, நாளடைவில் மங்கும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட அமெரிக்காவின் வேலா செய்மதிகள் 1967 ஜூலை 2 அன்றே ஒரு வெடிப்பைப் பதிவு செய்திருந்தும், பின்னொளி பிடிபடாததால் இவை நமது பால்வீதிக்குள் நிகழ்கின்றனவா, வெளியிலா என்பதே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தீராத வாதமாக இருந்தது. 1997 பெப்ரவரி 28 இல் பெப்போசாக்ஸ் செய்மதி ஒரு வெடிப்பின் எக்ஸ் கதிர்ப் பின்னொளியைப் படமெடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு வெடிப்பின் பின்னொளியை நிறமாலையாகப் பிரித்து, அது பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிகழ்ந்தது என்று காட்டினார்கள். பெப்போசாக்ஸைத் திருப்ப மணிக்கணக்கில் ஆனது. சுவிஃப்ட் தரையின் கட்டளைக்குக் காத்திராமல் ஒன்றரை நிமிடத்துக்குள் தானே திரும்பும்படி அமைக்கப்பட்டது.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், பம்பலப்பிட்டி): விரைவாகத் திரும்பினால் பின்னொளி எப்போதும் கிடைக்குமா?

பதில்: இல்லை. 2017 ஓகஸ்ட் 17 இல் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (இறந்த பெரு விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியதில் எழுந்த ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்து 1.7 செக்கன் கழித்து ஒரு குறுகிய வெடிப்பை ஃபெர்மி செய்மதி பதிந்தது. அந்த வேளை சுவிஃப்டின் பார்வையைப் பூமி மறைத்திருந்தது. எக்ஸ் கதிர்ப் பின்னொளியோ ஒன்பது நாட்களுக்குப் பின்பே சந்திரா தொலைகாட்டியில் தென்பட்டது. தாரை நம்மை நேராக நோக்காமல் விலகி இருந்தமையே தாமதத்துக்குக் காரணம். விரைவோடு பொறுமையும் வேண்டும் என்பதை வானியலாளருக்கு உணர்த்திய நிகழ்வு இது.

கேள்வி (இல்லத்தரசி, வத்தளை): இந்தக் கதிர் எங்களுக்கு ஆபத்தா?

பதில்: இதுவரை பதிவானவற்றால் இல்லை, அக்கா. 2022 ஒக்டோபர் 9 இல் வந்த மிகப் பிரகாசமான வெடிப்பு, ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்து மேல்வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனமண்டலத்தைச் சற்றுக் குலைத்தது. தரையில் எவருக்கும் தீங்கில்லை.

கேள்வி (வங்கி ஊழியர், தெஹிவளை): மொட்டை மாடியில் சிறிய தொலைகாட்டி வைத்திருக்கிறேன். நான் ஒன்றைப் பார்க்க முடியுமா?

பதில்: 2008 மார்ச் 19 இல் வந்த ஒரு வெடிப்பின் ஒளி, ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தும், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும் பிரகாசத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எட்டியது. அப்போது கொழும்பில் முற்பகல் 11.42, வெயிலில் நாம் எதையும் கண்டிருக்க முடியாது. வழமையான பின்னொளி அதைவிடப் பன்மடங்கு மங்கலானது என்பதால், கண்ணால் தேடாமல் தொலைகாட்டியில் கமெரா பொருத்தி நீண்ட நேரம் ஒளியைச் சேகரியுங்கள். வெடிப்புகளின் அமைவிட அறிவித்தல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அறிவித்தல் வந்ததும், அந்த இடம் அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நகர வெளிச்சம் குறைந்த இடத்துக்குத் தொலைகாட்டியைக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது.