இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் அரசியல் அறிவியலை நன்றாகக் கற்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் பத்துப் பேருக்காகத் தயாரித்த பாடத்தை மைக்கில் சத்தமாகச் சொன்னால் முடியாது. நான் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். பின்வரிசைகள் போனில் மூழ்கிவிட்டன.

ஒரு வயதுப் பிரிவினரில் 15 சதவீதத்துக்கு மேல் கல்லூரிக்கு வந்தால் அது வெகுமக்கள் உயர்கல்வி என்று சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973இல் வரையறுத்தார். பல நாடுகள் 50ஐயே தாண்டிவிட்டன. நம் முன் இருப்பவர்களில் ஆய்வாளர் ஆகப் போகிறவர்கள் வெகு சிலர். வாக்களிக்கப் போகிறவர்கள் அநேகமாக எல்லோருமே. அவர்களுக்காகத்தான் பாடத்தை மாற்றினேன்.

இப்போது தேர்தல் முறைகளைப் பற்றிய பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். நூறு வாக்காளர், அ, ஆ, இ என மூன்று வேட்பாளர். 40 பேரின் விருப்ப வரிசை அ, இ, ஆ. 35 பேருக்கு ஆ, இ, அ. மீதி 25 பேருக்கு இ, ஆ, அ. யார் ஜெயித்தார்? முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் அ. கடைசி இடத்தில் இருக்கும் ‘இ’-யை நீக்கி மறுசுற்று வைத்தால் ஆ, 60 வாக்குகளுடன். இரண்டிரண்டு பேராக மோதவிட்டால் இ இருவரையும் வீழ்த்துகிறார். ஒரு வாக்குகூட மாறவில்லை! பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றதும் அரங்கமே இரைகிறது. ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்போ மக்கள் விருப்பம்னு ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே மீதி நேரம் போனது. 1785இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோந்தோர்சே இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார் என்று அதற்குப் பிறகு சொன்னால் காதில் ஏறுகிறது. இருநூறு பேர் இருப்பது இங்கே பலம்தான். பத்துப் பேரிடம் இவ்வளவு கருத்து வேறுபாடு கிடைக்காது.

அப்புறம், வகுப்பில் கட்சி அரசியல். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் உரையில், மாணவர்களின் கட்சிக் கருத்துக்குச் சங்கடம் தரும் உண்மைகளை அவர்களே ஏற்கப் பழக்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்றார். எனக்கும் அதில் முழு நம்பிக்கை. அதனால் நான் தரும் முக்கியமான பயிற்சி இது: நீங்கள் எதிர்க்கும் நிலைப்பாட்டை, அதை நம்புகிறவரே "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்த்தரப்பைச் சேர்ந்த சக மாணவர்தான் முதலில் படித்துக் கருத்து எழுதுவார். மதிப்பெண் நான் போடுவேன். இருநூறு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகிறது. அந்த நேரத்தைக் கல்லூரிகள் வேலைநேரமாகக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.