இஸ்ரேலின் தொடக்ககாலத் தலைவர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

லெவி எஷ்கோல். பென் குரியனையும் கோல்டா மேயரையும் அறிந்தவர்களுக்குக்கூட, இருவருக்கும் நடுவே 1963 முதல் 1969 வரை பிரதமராக இருந்த இவரை அவ்வளவாகத் தெரியாது.

என்னைக் கேட்டால், இவர் வாழ்க்கையே தண்ணீரைச் சுற்றித்தான். 1895இல் இன்றைய உக்ரைனில் பிறந்து, 1914இல் துருக்கியர் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறினார். பெத்தா திக்வாவில் தோப்புகளுக்குப் பாசன வசதி அமைக்கும் கூலி வேலை. 1920இல் கலிலேயக் கடல் என்ற நன்னீர் ஏரிக்குத் தெற்கே தெகானியா பெத் என்ற கூட்டுப்பண்ணையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1937இல் மெகொரோட் தண்ணீர் நிறுவனம் உருவானபோது அதன் பொறுப்பு இவர் கைக்கு வந்தது.

மெகொரோட் செய்ததில் என்னை அசத்துவது நெகேவ் பாலைவனக் குழாய். 1946இல் அங்கே ஒரே இரவில் யூதர்கள் 11 குடியிருப்புகளை அமைத்துவிட்டார்கள். சரி, குடிக்கத் தண்ணீர்? இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், இரும்புக்குழாய் கிடைப்பதே அரிது. லண்டனில் ஜெர்மானியக் குண்டுவீச்சின்போது தீயணைக்கப் போட்டிருந்த ஆறங்குலக் குழாய்களை வாங்கிவந்து மணலில் பதித்தார்கள். அந்த வேலையை வடிவமைத்த பொறியாளர் சிம்கா பிளாஸ்தான், பிற்பாடு இன்று நம் ஊர்த் தோட்டங்கள்வரை வந்துவிட்ட நவீன சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் வழிவகுத்தவர்.

எஷ்கோல் பிரதமரான மறு ஆண்டே, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கும் கலிலேயக் கடலின் நீரை மேலேற்றித் தெற்கே கொண்டுபோகும் தேசிய நீர்த்திட்டம் ஓடத் தொடங்கியது. அந்த ஏரிக்கு நீர் தரும் ஜோர்டான் நதியில் பங்குள்ள அரபு நாடுகள் கொதித்தன. நதியின் ஊற்றுகளையே திருப்பிவிடும் வேலையில் இறங்கின. இஸ்ரேல் அந்த இடங்களைத் தாக்கியது. அரபு நாடுகளுடனான 1967 போருக்கு இட்டுச்சென்ற பகையில் இந்தத் தண்ணீர்ச் சண்டைக்கும் பங்கு உண்டு.

அந்தப் போருக்குச் சில நாள் முன்பு, மே 28 அன்று வானொலியில் பேசினார். அடித்துத் திருத்திய தாளைப் பார்த்துப் படிக்கும்போது ஓரிடத்தில் தடுமாறிவிட்டார். நாடே பதறியது. நாலைந்து நாளில் அவர் கையிலிருந்த பாதுகாப்புத் துறை, முன்னாள் ராணுவத் தளபதி மோஷே தயானிடம் போனது. அந்தத் தடுமாற்றத்தை வைத்தே அவரைக் கோழை என்பது அநியாயம். இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் மீது 1948 முதல் இருந்த ராணுவ நிர்வாகத்தை, பென் குரியன் விடாப்பிடியாக ஆதரித்ததை, 1966 இறுதியில் விலக்கியவர் எஷ்கோல். ஆனால் அடுத்த ஆண்டே, அந்தப் போரில் கைப்பற்றிய மேற்குக் கரையில் முதல் யூதக் குடியேற்றமான க்ஃபார் எட்சியோனுக்கு அனுமதி தந்ததும் அவர் அரசுதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.