ஈசிஜி சரியாக இருக்கிறது, வலி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 49. உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. எட்டு மாதமாக நெஞ்சுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. இரண்டு முறை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்த மருத்துவர்களில் ஒருவர் வாயு என்றார், ஒருவர் தசைப்பிடிப்பு என்றார், இன்னொருவர் மன அழுத்தம் என்றார். சில நாள் மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. சில நாள் இரவில் படுத்ததும் எரிச்சலோடு வலிக்கிறது. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறேன். இனி யாரிடம் போவது, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வலிகள் இருக்கின்றன, அம்மா. படியேறும்போது அடைத்து, நின்றதும் விடுவது ஒன்று. படுத்ததும் எரிந்துகொண்டு வருவது மற்றொன்று. மூன்று மருத்துவர்கள் மூன்று காரணம் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் 'நெஞ்சுவலி' என்று ஒரே மூச்சில் சொன்னால், கேட்பவர் காதில் எது முதலில் விழுகிறதோ அதற்குத்தான் மருந்து எழுதுவார்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் செய்த பரிசோதனைகளைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவை விடை தேடியது ஒரே கேள்விக்குத்தான்: இப்போது மாரடைப்பு நடக்கிறதா? இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் டிரோபோனின் என்ற புரதம் உயரும். உங்களுக்கு அது உயரவில்லை, எனவே அன்றைக்கு மாரடைப்பு இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும் தசை சேதமாகாத நிலையில் டிரோபோனின் உயராது. படுக்கையில் ஓய்வாக இருக்கும்போது எடுத்த ஈசிஜியும் அப்படித்தான். மழையில்லாத நாளில் கால்வாயைப் பார்த்துவிட்டு, இங்கே வெள்ளமே வராது என்று சொல்ல முடியுமா?

படியேறும்போது வரும் வலிதான் எனக்குக் கவலை தருகிறது. உழைப்பில் வந்து, சில நிமிட ஓய்வில் விடும் நெஞ்சடைப்பு என்றால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு நீரிழிவும் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் சீனர்களைவிட அதிகம் என்பதும் நெடுநாளாகத் தெரிந்த செய்தி.

நம் வீடுகளில் நெஞ்சு வலித்தால் முதல் மருந்து ஓமத் தண்ணீர். குடித்து, ஏப்பம் விட்டு, வலி குறைந்துவிட்டால் வாயு என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். உட்கார்ந்து, ஓமத்தைக் கொதிக்கவைத்து, ஆற்றிக் குடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடியிருக்கும். ஓய்வில் விடும் வலி அதற்குள் தானாகவே விட்டிருக்கும். பெயர் ஓமத்துக்கு! இதய வலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை வைத்தும் இப்படி முடிவு கட்ட முடியாது. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியையும் அது தணிக்கக்கூடும்.

இனி மருத்துவர் மாற்றிப் பார்க்காமல், நீரிழிவுக்கு வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்துக்கே (பாலிகிளினிக்) இந்த வாரத்தில் போங்கள். "படியேறினால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விடுகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாயு, மன அழுத்தம் என்ற பழைய பெயர்களைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். எத்தனை படியில் வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். தனியார் மருந்தகங்களில் எடுத்த பரிசோதனைகளின் பிரதிகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனையின் இதய நிபுணரைப் பார்த்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். நீங்களாகத் தனியார் நிபுணரிடம் போனால் அது கிடைக்காது.

நிபுணர் டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கலாம். ஆனால் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தவறாகக் காட்டுவது கொஞ்சம் அதிகம். அதனால் உழைப்பின்போது எடுக்கும் இதய ஸ்கேனையோ, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேனையோ அவர் தேர்ந்தெடுக்கக்கூடும். சிடி ஸ்கேனுக்குச் சாய மருந்து செலுத்துவார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். மெட்ஃபோர்மின் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை என்று தெரிந்தாலும், வலி தொடர்ந்தால் அத்தோடு பரிசோதனையை முடித்துவிட விடாதீர்கள். இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமல் வலி வருவதுண்டு, குழாய் திடீரென்று சுருங்கி வருவதும் உண்டு. முதல் வகை பெண்களிடம் அதிகம். "நுண்குழாய்க் கோளாறாக இருக்குமா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரவு வலி பெரும்பாலும் அமிலம் மேலேறுவதால் வருவதாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள், இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அதில் இரவு வலி போய்விட்டால் நல்லதுதான், ஆனால் அதைக் காரணம் காட்டி இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தசைப்பிடிப்பு என்றால் விரலால் அழுத்தும் இடத்தில் அதே வலி வர வேண்டும், கையைத் தூக்கினாலோ திரும்பினாலோ அது அதிகரிக்க வேண்டும். மன அழுத்தமும் நெஞ்சுவலி தரும், மறுக்கவில்லை. ஆனால் அது மேம்பாலப் படிக்கட்டில் மட்டும் வந்து, நின்றதும் போவது அபூர்வம்.

நிபுணரின் தேதிக்குக் காத்திருக்கும்போது, முன்பைவிடக் குறைந்த நடைக்கே வலி வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே அடைத்தாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், மூன்றாவது முறையாகப் போகிறோமே என்ற தயக்கம் வேண்டாம். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் வலி விடவில்லை, அல்லது வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வருகிறது என்றால் உடனே 995ஐ அழையுங்கள். 1777 அவசரமில்லாதவர்களுக்கான ஆம்புலன்ஸ் எண். டாக்சியும் வேண்டாம், கணவர் கார் ஓட்டுவதும் வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸில் வழியிலேயே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே ஆட்கள் தயாராக இருப்பார்கள்.