கேம்பர் டிரெய்லர் குலுங்காமல் வர கனமான கமான் போட்டால் போதுமா?

கேட்டவரின் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய் உள்ளே தங்கிக்கொள்ளும் ஒற்றை அச்சு கேம்பர் டிரெய்லர். சாலையில் சின்ன மேடு வந்தாலே தூக்கித் தூக்கிப் போடுகிறது. போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் அலமாரியில் வைத்ததெல்லாம் தரையில் கிடக்கிறது. இழுக்கும் வண்டியில் இருப்பவருக்கோ முதுகில் யாரோ இடித்துக்கொண்டே வருகிற மாதிரி இருக்கிறது. கமானில், அதாவது அச்சோடு சேர்த்துக் கட்டிய இரும்புப் பட்டை ஸ்பிரிங்கில், இன்னும் இரண்டு பட்டை சேர்த்துக் கனமாக்கினால் சரியாகுமா என்கிறார்.

சரியாகாது. இன்னும் மோசமாகும். பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிய புதிதில் நானும் இதே யோசனையோடு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "சாமானோடு சேர்த்து வண்டி எடை எவ்வளவு?" எனக்குத் தெரியவில்லை. "எடை போட்டுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பின.

லாரி எடை மேடையில், பயணம் போகும்போது ஏற்றுகிற எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடை போட்டேன். டிரெய்லர் மொத்தம் 1,120 கிலோ. அதில் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் உட்காருவது 110 கிலோ, அச்சின் மேல் உட்காருவது 1,010 கிலோ. அச்சில் அடித்திருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தால் 1,600 கிலோ என்று இருக்கிறது. அதாவது 1,600 கிலோ தாங்கக் கட்டிய கமானின் மேல் ஆயிரம் கிலோவை வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கமான் மடங்கவே மடங்காது. மேடு வந்தால் கமான் வளைவதற்குப் பதிலாக முழு டிரெய்லரும் எழும்பும். கட்டை வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்கள் கமான் எவ்வளவு கெட்டி என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அச்சுக் குழாய்க்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு சேசிஸில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கி மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எடையால் கமான் அமுங்கியிருக்கிற அளவு. மில்லிமீட்டரில் வரும் அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, 15.8ஐ அதால் வகுத்தால், டிரெய்லர் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்று தெரியும். எனக்கு 36 மி.மீ. வந்தது. வர்க்கமூலம் 6, ஆகவே நொடிக்கு சுமார் 2.6 ஆட்டம். சொகுசான கார்கள் ஒன்று, ஒன்றரை என்ற அளவில் நிற்கும். எண் கூடினால் ஆட்டம் வெடுக்வெடுக்கென்று இருக்கும். (ஜாக்கியின் மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகு மட்டும்.)

இந்த எண் தெரிந்த பிறகு எனக்கு ஒரு பழைய மர்மம் விளங்கியது. கான்கிரீட் சாலை ஒன்றில், மணிக்கு 80 கி.மீ. போனால் ஓரளவு சகிக்க முடிந்த வண்டி, 50க்குக் குறைத்தால் பேயாட்டம் ஆடியது. வேகத்தைக் குறைத்தால் குலுக்கல் குறைய வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பலகைக்குப் பலகை இணைப்பு ஏறக்குறைய 5 மீட்டருக்கு ஒன்று. 47 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 13 மீட்டர், அதாவது நொடிக்கு 2.6 இடி. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிடுவது போல, சாலை என் டிரெய்லரின் தாளத்துக்கே தட்டிக்கொடுத்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் அதிகமாக இருந்தால், மருந்து எதுவும் வாங்குவதற்கு முன் பத்து கி.மீ. கூட்டியோ குறைத்தோ ஓட்டிப் பாருங்கள்.

சரி, முதலில் காசில்லாமல் செய்யக்கூடியவை. டயர் காற்று. எனக்கு முன் வைத்திருந்தவர் இன்னும் கனம் தாங்கும் டயருக்கு மாற்றியிருந்தார், அதன் பக்கச்சுவரில் போட்டிருந்த 65 பி.எஸ்.ஐ.யை அப்படியே அடித்து வைத்திருந்தார். அந்த எண் அந்த டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவதற்கான காற்று. டயர் கம்பெனிகள் எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று அட்டவணை வெளியிடுகின்றன. டிரெய்லரின் சொந்தத் தகட்டில் 50 என்று இருந்தது, அட்டவணைப்படி அதுவே என் எடைக்குத் தாராளம். 50க்கு இறக்கினேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மெத்தென்று இருக்கட்டும் என்று தகட்டில் உள்ளதற்கும் கீழே போய்விடாதீர்கள். காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும், டிரெய்லரில் அது இழுப்பவருக்குத் தெரியவே சில நிமிடம் ஆகும். அளப்பது எப்போதும் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

அப்படியே டயரின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயரின் பூ (தரையில் படும் வரிகள்) தேயாமலே ரப்பர் காய்ந்து போவது டிரெய்லரில் சகஜம், வருஷத்தில் பாதி நாள் நின்றுகொண்டேதானே இருக்கிறது. இன்னொன்று, காருக்கு வீல் பேலன்சிங் செய்யாமல் விடமாட்டோம், டிரெய்லருக்கு யாரும் செய்வதில்லை. என் இரண்டு சக்கரத்தில் ஒன்று படுமோசம். உள்ளே திருகாணிகள் தானாகக் கழன்று விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று பேலன்சிங் முடிந்த பிறகுதான் புரிந்தது.

அடுத்தது சாமான் வைக்கும் இடம். இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து குதிக்கிறதே என்று, முன்னால் இருந்த பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்கோடிக்கு மாற்றினேன். குதிப்பது குறைந்தது உண்மை. ஆனால் 80ஐத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. ஒரு இறக்கத்தில் அது இழுவண்டியையும் சேர்த்து இழுத்து ஆட்டியபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விட வேண்டும். டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மெதுவாகப் பிடிக்கலாம்.

கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள், அங்கே பல கார்களின் கொக்கியே 75, 100 கிலோவுக்கு மேல் தாங்காது. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எல்லைக்குள் நிற்பது முக்கியம். கனமான சாமானை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, தரையோடு ஒட்டி வையுங்கள். முன்கோடியில் கொஞ்சம், பின்கோடியில் கொஞ்சம் என்று வைத்தால் தராசு சமமாகத்தான் நிற்கும், ஆனால் ஆட ஆரம்பித்தால் நிற்காது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள். பாதித் தொட்டித் தண்ணீர் உள்ளே அலைமோதிக்கொண்டு தனிக் குலுக்கல் ஒன்றைச் சேர்க்கும்.

முதுகில் இடிக்கிற மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் கமானால் வருவதில்லை. ஆட்டம் கொடுக்கிற இணைப்புகளால் வருவது. கொக்கிப் பந்தின் மேல் கப்ளர் (டிரெய்லர் முனையில் அந்தப் பந்தைக் கவ்வும் பகுதி) தளர்வாக உட்கார்ந்தால், ஒவ்வொரு மேட்டிலும் டிரெய்லர் ஒரு முறை முன்னால் இடித்து ஒரு முறை பின்னால் இழுக்கும். பல கப்ளரில் அடியில் ஒரு நட் உண்டு, அதைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்யலாம். பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். 50 மி.மீ. பந்தும் இரண்டு அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். சதுரக் குழாய்க்குள் செருகும் கொக்கியாக இருந்தால் அங்கேயும் இடைவெளி இருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கிடைக்கிறது. உங்களுடையது, கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் இயங்கும் ஓவர்ரன் பிரேக் என்றால், டிரெய்லரின் கைபிரேக்கைப் போட்டுவிட்டு கப்ளரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். கனமாகப் போய், மெதுவாகத் திரும்பி வர வேண்டும். லேசாகப் போய் டங்கென்று இடித்தால் உள்ளே இடியைத் தணிக்கும் டேம்பர் செத்துவிட்டது.

கமான் முனைகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள். என் டிரெய்லரில் நைலான் புஷ் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, தூள்தான் கொட்டியது. கமானைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட் பாதி தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. வெண்கல புஷ்ஷும் கிரீஸ் அடிக்கக்கூடிய போல்ட்டும் போட்டேன். சத்தம் அடங்கியது.

இத்தனைக்கும் பிறகு குதிப்பது பாதியாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. காரணம் எளிது, ஷாக் அப்சார்பரே கிடையாது. கமான் போட்ட டிரெய்லர்கள் பலவற்றில் ஷாக் வைப்பதில்லை. பட்டைக்குப் பட்டை உரசுவதே ஆட்டத்தை அடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த உரசலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சின்ன மேட்டில் பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகரவே மாட்டா, பெரிய மேட்டிலோ அந்த உரசல் போதாது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஷாக் மாட்டியதுதான் எனக்கு மிகப் பெரிய மாற்றம். ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று நான்கு முறை குதித்த வண்டி, ஒரு முறை அமுங்கி எழுந்து நின்றுவிட்டது. மாட்டும்போது மூன்று விஷயம் பாருங்கள். முடிந்த அளவு நிமிர்ந்து நிற்க வேண்டும், ரொம்பச் சாய்த்தால் வேலை செய்யாது. கமான் முழுதாக அமுங்கும்போது ஷாக் அடியில் முட்டக் கூடாது, சக்கரம் தொங்கும்போது ஷாக்கே எடையைத் தாங்கி நிற்கவும் கூடாது. அச்சுக் குழாயில் வெல்டிங் வைக்காமல், அச்சையும் கமானையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டின் தட்டோடு சேர்த்து மாட்டும் பிராக்கெட் வாங்குங்கள். பல அச்சுகள் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்தே செய்யப்பட்டிருக்கும், வெல்டிங் சூட்டில் அந்த வளைவு கெட்டால் டயர் ஒரு பக்கம் தேய ஆரம்பிக்கும்.

உங்களுடையது கமான் இல்லாமல் ரப்பர் டார்ஷன் அச்சு என்றால் கதை வேறு. குழாய்க்குள் இருக்கும் ரப்பரே ஸ்பிரிங்காகவும் ஓரளவு ஷாக்காகவும் வேலை செய்யும். வயதானால் ரப்பர் இறுகிவிடும், அதைத் தனியாக மாற்ற வழியில்லை, அச்சையே மாற்ற வேண்டும்.

இழுக்கும் வண்டியையும் ஒரு முறை சோதியுங்கள். பின்பக்க ஷாக் ஒழுகிக்கொண்டிருந்தால் டிரெய்லரில் என்ன செய்தாலும் பின்பக்கம் குதித்துக்கொண்டேதான் இருக்கும். எடையை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் பற்றிப் பலர் பரிந்துரைப்பார்கள். கொக்கி எடை அதிகமுள்ள பெரிய டிரெய்லருக்கு அது நல்லதுதான், கையேடு அனுமதித்தால். 110 கிலோவுக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க யாரையும் டிரெய்லருக்குள் உட்கார வைக்காதீர்கள். ஒரு பழைய போனை உள்ளே சுவரில் ஒட்டி வீடியோ எடுக்க விட்டு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இல்லையென்றால் எது பலித்தது என்று தெரியாது.

கமானை நான் தொட்டது கடைசியில்தான், அதுவும் கனமானதற்கு இல்லை, மெல்லியதற்கு. அச்சின் மேல் வரும் என் எடைக்குக் கொஞ்சம் மேலே, 1,200 கிலோவுக்கான ஜோடி. அமுங்கும் அளவு 55 மி.மீ. ஆனது, ஆட்டம் நொடிக்கு 2.1க்கு இறங்கியது. இனி தாங்கும் எடை 1,200தான் என்பதால், 1,600 என்ற பழைய தகட்டுக்குப் பக்கத்திலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய கமானிலிருந்து ஒரு பட்டையை உருவி எடுத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். மிச்சப் பட்டைகள் அந்தச் சுமைக்குக் கணக்கிட்டுச் செய்தவை இல்லை, ஒருநாள் உடையும். கமான் மாற்றும்போது யு போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். முறுக்க வேண்டிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்கிவிட்டு, முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள். என்னுடையதில் நான்கில் மூன்று தளர்ந்திருந்தன.