முரட்டுக் காளை, குதிரைகள் மீது சவாரி செய்யும் ரோடியோ போட்டியின் வீரர்கள் களத்தை விட்ட பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள்?

இதற்கு ஜிம் ஷோல்டர்ஸின் வாழ்க்கையே தக்க விடை. 1928இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த அவர், காளைச் சவாரியில் 7, சேணமில்லாக் குதிரைச் சவாரியில் 4, ஒட்டுமொத்தத் திறனுக்காக 5 என 16 உலகப் பட்டங்களை வென்றார். ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மறு கை காளையின் மீதோ தன் மீதோ படாமல் 8 விநாடி தாக்குப்பிடித்தால்தான் காளைச் சவாரியில் மதிப்பெண் கிடைக்கும் என்பதால், எலும்பு முறிவும் அத்தொழிலின் கூலியில் ஒரு பங்குதான்.

ஆனால் அவருடைய நிலையான வருமானம், தன்னைத் தூக்கியெறிந்த அதே விலங்குகளிடமிருந்தே வந்தது என்பேன். ஓக்லஹோமாவின் ஹென்ரியெட்டா என்னும் ஊருக்கு அருகிலிருந்த பண்ணையில் காளைகளை வளர்த்துப் போட்டிகளுக்கு அனுப்பினார். இளைஞர்களுக்குச் சவாரிப் பள்ளியும் நடத்தினார். அவருடைய ‘டொர்னேடோ’ என்னும் காளை, 200க்கும் மேற்பட்ட முயற்சிகளை முறியடித்த பின், 1967இல்தான் ஃப்ரெக்கிள்ஸ் பிரௌன் என்னும் சவாரி வீரரிடம் பணிந்தது. பிரௌனுக்கு அப்போது வயது 46!