எமிக்ரேட்டா, இம்மிக்ரேட்டா? காரைக்குடி ஆங்கில வாத்தியாரிடம் கேள்வி பதில்

கல்லூரி மாணவர், கோட்டையூர்: சார், எமிக்ரேட், இம்மிக்ரேட் ரெண்டுமே இடம்பெயர்றதுதானே?

பயணம் ஒன்றுதான் தம்பி, பார்க்கிற இடம் வேறு. காரைக்குடிக்காரர் கோலாலம்பூரில் போய்க் குடும்பத்தோடு தங்கிவிட்டார். இங்கிருந்து பார்த்தால் எமிக்ரேட், பின்னால் ஃப்ரம் வரும். கோலாலம்பூர்க்காரர் பார்வையில் இம்மிக்ரேட், பின்னால் டு வரும். குடிபெயர்தல், குடியேறுதல் என்று தமிழில் அழகான இணையே இருக்கிறதே! லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே, இன் என்றால் உள்ளே. அந்த 'ன்' அடுத்த 'ம்'மைப் பார்த்துத் தானும் 'ம்' ஆனது, நம் புணர்ச்சி மாதிரி. அதனால் இம்மிக்ரேட்டில் இரண்டு எம்.

ஆச்சி ஒருவர், தேவகோட்டை: எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனாக. பேத்தி பள்ளிக்கூடக் கட்டுரையில எமிக்ரன்ட்டுன்னு எழுதியிருக்கா. சரியா?

அழிக்கச் சொல்லுங்க ஆச்சி. எமிக்ரேட் என்றால் ஊரைவிட்டுப் போய் அங்கேயே வாழ்வது. செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாகவோ (வேலை பழகும் பையன்) அடுத்தாளாகவோ (முகவருக்கு உதவியாளர்) ரங்கூன் போனவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. குடும்பம் இங்கே இருந்தது. கணக்கு முடிந்து ஊர் திரும்பினார்கள், சம்பாத்தியம் பர்மாத் தேக்குத் தூணாக வீட்டு உள்முற்றமான வளவில் நின்றது. கொண்டுவிக்க என்ற சொல்லே வாங்கி விற்பதைத்தான் சொல்கிறது, குடியேறுவதை அல்ல. சில காலம் தங்கித் திரும்புகிறவருக்கு ஆங்கிலத்தில் சோஜர்னர் என்று பெயர். பேத்தி அதை எழுதட்டும். 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது காடு மலை நடந்து வந்தவர்களுக்கு மட்டும் ரெஃப்யூஜி என்ற சொல்தான் பொருந்தும். அந்தக் கஷ்டத்தை வேறு சொல்லால் மூடக்கூடாது.

இளைஞர், புதுவயல்: பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. திருச்சி விமான நிலையத்திலோ போகும்போதும் இமிக்ரேஷன் என்கிறார்களே?

ஈ.சி.ஆர். என்றால் எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு, முதல் எழுத்து எமிக்ரேஷன். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் அனுமதி வாங்க வேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு இரண்டையும் ஒரே துறை பார்ப்பதால் அந்த ஒரு பெயரே நிலைத்துவிட்டது.

பள்ளி மாணவி, திருப்பத்தூர்: வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்கு எது?

முன்னொட்டே வேண்டாம் கண்ணு, வெறும் மைக்ரேட். பருவத்துக்கு வரும், குஞ்சு பொரிக்கும், திரும்பும். அதுகளுக்காகத்தான் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை.